தூணிடம் கேட்ட கேள்விகள்

அடுத்த மாதம் முதல் என் மேசையில் உங்களில் ஒருவர் உட்காரப் போகிறார். எனக்கு நாகர்கோவிலில் அரசு வேலை கிடைத்துவிட்டது. கோப்புகளை ஒழுங்காகக் கட்டி வைத்திருக்கிறேன். எந்த ஊருக்கு எந்தப் பஸ், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் கோபிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கோப்பில் எழுத முடியாத ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் அறக்கட்டளை செய்வதை வெளியிலிருந்து பார்த்தால் எளிய வேலை. தளர்ந்துபோன முதியவர்களின் வீட்டுக்குப் போகிறோம். அவர்களால் எது முடிகிறது, எது முடியவில்லை என்று பார்க்கிறோம். தேவை இருந்தால் காலையில் சில மணி நேரம் வந்து உதவ ஓர் ஆளை நம் செலவில் அனுப்புகிறோம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. உதவியாள் இல்லாத மற்ற நேரத்தில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லை என்றாலோ, இருப்பவருக்கும் நினைவு தப்பிவிட்டது என்றாலோ, முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்லி எழுதுகிறோம். காகிதத்தில் படித்தால் நியாயமான விதி. 'பார்த்துக்கொள்ள ஒருவர்' என்றால் யார் என்பது வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் குழப்பும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா வாழைத்தோப்புக் காவல்காரர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தை அம்மா வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். நான் தடுக்கவில்லை. இன்றைக்கும் கையெழுத்துக்குப் பின்னால் எம்.ஏ. என்று போடாமல் நான் பேனாவை மூடுவதில்லை. நீங்கள் அதைச் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கதையில் எனக்குக் கைகொடுத்தது அந்த எம்.ஏ. இல்லை. அதற்கு முன்னால், வயல் வரப்பில் உட்கார்ந்து நான் கேட்ட பேச்சு.

சேரன்மகாதேவியிலிருந்து பாபநாசம் போகிற வழியில், வாழைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் ஓட்டு வீட்டில் உலகம்மாள், கோமதியம்மாள் என்று இரண்டு பேர். அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல் வயது. கணவர்கள் இறந்து நாளாகிவிட்டது. மூத்தவர் உலகம்மாளுக்குப் பிள்ளையில்லை, இரண்டு கண்ணும் போய்விட்டது, கால்கள் மட்டும் இரும்பு. இளையவர் கோமதியம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து சரியாகக் கூடாமல் நடை போய்விட்டது. ஆனால் கண் ஊசி கோக்கும். அவருடைய ஒரே மகன் ஆறுமுகம் பம்பாயில் ஒரு கம்பெனியில் இருந்தார். விண்ணப்பம் போட்டது அவர்தான்.

இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று உலகம்மாளைக் கேட்டால் ஒரு கல்யாணப் பந்தியைச் சொல்வார். கோமதியம்மாளைக் கேட்டால் ஒரு கறவை மாட்டைச் சொல்வார். இரண்டும் ஒரே சண்டைதானா என்பதுகூட எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் முதல் தடவை போனபோது கூடத்தின் நடுவே நின்ற ஒற்றை மரத்தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கோமதியம்மாள் தூணைப் பார்த்துச் சொன்னார்.

"தூணே, பால் பொங்கப் போவுது. அடுப்படியில ஆளைக் காணும்."

உலகம்மாள் எழுந்தார். தூணை ஒரு தடவு தடவித் திசை பிடித்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனார். பாலை இறக்கிவைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"இறக்கியாச்சு தூணே. ஊரைக் கூட்ட வேண்டாம்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆச்சரியம் வரவில்லை. என் அம்மாவும் அத்தையும் ஒரு நடவு முழுக்க நாற்றுக்கட்டிடம் பேசியே ஓட்டியவர்கள். "நாத்தே, அங்கன நெருக்கி நட்டா பயிர் மூச்சு விடுமா?" என்பாள் அத்தை. "நாத்தே, அவுகவுக நிரையைப் பார்க்கச் சொல்லு" என்பாள் அம்மா. அன்றைய வேலை ஒன்றும் நின்றதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் பார்த்தேன். கோமதியம்மாள் கொல்லைப்பக்கம் போக வேண்டியிருந்தது. "தூணே, எனக்குக் கொல்லைக்குப் போகணும்" என்றார். உலகம்மாள் வந்து குனிந்து தோளைக் கொடுத்தார். கோமதியம்மாள் அதைப் பிடித்து எழுந்தார். "படி", "வலப்பக்கம் வாளி", "பைய" என்று முன்னால் இருந்த காற்றிடம் சொல்லிக்கொண்டே போனார். கண் தெரியாதவர் நடத்திப் போகிறார், நடக்க முடியாதவர் வழி சொல்கிறார். இரண்டு முகங்களும் இரண்டு பக்கம் திரும்பியிருந்தன. அவ்வளவு அழகான நடையை நான் வேறு எந்த வீட்டிலும் பார்க்கவில்லை.

பிறகு நம் வழக்கப்படி இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். உங்களுக்கு யார் உதவி செய்கிறார்கள்?

"யாருமில்ல தாயி. ஆண்டவன் விட்ட வழி" என்றார் உலகம்மாள்.

"எனக்கு யாரு இருக்கா? இந்தத் தூணு ஒண்ணுதான்" என்றார் கோமதியம்மாள்.

அவர்கள் சொன்னதையும் எழுதினேன், நான் பார்த்ததையும் எழுதினேன். பார்த்ததன் பேரில் ஒருவருக்கு ஒருவர் துணை என்று பரிந்துரைத்தேன். உதவி கிடைத்தது. தூத்துக்குடிப் பெண் ஸ்டெல்லாவை அனுப்பினோம்.

ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரியும். கையும் காலும் சும்மா இருக்காது. அவள் வந்த பிறகு வீடு பளிச்சென்று ஆனது. ஒரு மாதம் போயிருக்கும், அவள் அலுவலகத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, அந்த ரெண்டு ஆச்சிக்கும் புத்தி சரியில்ல. தூணுகிட்ட பேசுதாவ."

"அது ஒருத்தருக்கொருத்தர் சொல்றது, ஸ்டெல்லா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்படின்னா மத்தவுக பதில் சொல்லணும்லா? ஒருத்தரும் வாயைத் திறக்கல. தண்ணி வேணும்னு தூணுகிட்ட கேக்காவ, நான் ஓடிப்போய்க் கொண்டாரேன். நேரா கேட்டும் பாத்தேன். தூணுகிட்டதான் பேசுதேன்னு சாமி மேல சத்தியம் பண்ணுதாவ."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் ஓடி ஓடிச் செய்ததால் உலகம்மாள் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது. எழுந்திருக்காதவர் எதற்குப் பதில் சொல்லப் போகிறார்? ஸ்டெல்லா அங்கே இருக்கிற காலை நேரத்தில் மிச்சம் இருந்தது பேச்சு மட்டும்தான். அதைக் கேட்க ஒரு தூண் மட்டும்தான்.

இந்த நேரம் பார்த்து ஆறுமுகம் பம்பாயிலிருந்து வந்தார். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவது, பெரியம்மாவைப் பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பது, வீட்டைப் பூட்டுவது. இதுதான் அவர் முடிவு. கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். "பெரியம்மா கையாலயும் சாப்பிட்டு வளர்ந்தவன் மேடம் நான். நல்ல இடமாப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் காகிதத்தில் பதில் இல்லை. "பேச்சுவார்த்தையே இல்லாத ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பாத்துக்குவாங்க? இப்ப தூணுகிட்ட வேற பேசுறாங்களாம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பதில் சொல்வீங்களா?"

விதிப்படி டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நமக்காகச் சம்பளமில்லாமல் வரும் அந்தச் சென்னை டாக்டரோடு நானும் போனேன். அன்று அவர் நினைவு தப்பியது என்று எழுதினால் அந்த இரண்டு பேரும் பிரிக்கப்படுவார்கள். பிறகு யார் நினைத்தாலும் சேர்க்க முடியாது.

கூடத்தில் டாக்டர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறுமுகம் வாசலில் சாய்ந்து நின்றார். ஸ்டெல்லா ஓரமாக.

"பாட்டி, நீங்க தூண் கிட்ட பேசுறீங்களாமே?"

"ஆமா" என்றார் உலகம்மாள். "உமக்கு என்ன செய்யுது?"

"தூண் பதில் சொல்லுமா?"

"நல்லா சொல்லும்."

டாக்டர் எழுதத் தொடங்கினார். அந்த எழுத்து எதில் முடியும் என்று எனக்குத் தெரிந்தது. நான் குறுக்கே விழுந்தேன்.

"டாக்டர், இவங்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ளதான் பேசிக்கிறாங்க. தூண் ஒரு சாக்கு."

அதுவரை சும்மா இருந்த கோமதியம்மாள் சீறிவிட்டார். "ஏட்டி! யாரு? நானா? அவகிட்டயா? இந்த நாக்கு அழுகிப்போவும், அவகிட்ட ஒரு வார்த்தை பேசினா! தூணுகிட்டதான் பேசுதேன். எழுதிக்கிடும் டாக்டரய்யா, நல்லாக் கொட்டையா எழுதும்!"

"அதையே நானும் சொல்லுதேன்" என்றார் உலகம்மாள், தூணைப் பார்த்து.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை, பரிதாபம் இருந்தது. பேனா மறுபடியும் ஓடியது. எதைச் சொன்னால் அவர்கள் தப்பிப்பார்களோ அதைச் சொல்வதைவிடப் பைத்தியம் என்ற பெயர் வாங்குவது மேல் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் முடிவெடுத்துவிட்டார்கள். அந்த ரோஷத்தை நான் அறிவேன். எங்கள் வீட்டுப் பெண்களிடம் அது மட்டும்தான் சொந்தமாக இருந்தது. அதை உடைத்துத்தான் அவர்களைக் காப்பாற்ற முடியும் என்றால், எதைக் காப்பாற்றினோம் என்று நான் சொல்லிக்கொள்வது?

எழுந்துபோய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். எம்.ஏ. படித்தவள், கையில் கைப்பையோடு, நினைவைச் சோதிக்க டாக்டர்கள் கேட்கிற கேள்வியை ஒரு மரத்தூணைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

"தூணே, இன்னிக்கு என்ன கிழமைன்னு இந்த வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

ஆறுமுகம் நிமிர்ந்தார். டாக்டரின் பேனா நின்றது.

"வெள்ளிக்கிழமை" என்றார் உலகம்மாள், தூணிடம். "விடியமுன்ன கோயில் மணி ரெண்டு தரம் அடிச்சுது, வெள்ளிக்குத்தான் அப்படி அடிப்பாவ. கண்ணு இருக்கவளுக்குத்தான் காலண்டர் வேணும்."

"அந்தக் காலண்டர்ல தாளைக் கிழிக்கது யாருன்னு கேளு தூணே" என்றார் கோமதியம்மாள். "கிழிக்காம விட்டா கோயில்காரன் வந்தா கிழிப்பான்?"

"தூணே, நாட்டுக்குப் பிரதம மந்திரி யாரு?"

"ரேடியோவைப் போட்டுப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார் கோமதியம்மாள். "நேத்து இருந்தவன் இன்னிக்கு இருக்க மாட்டேங்கான்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்புக்கு மயங்குகிற ஆள் இல்லை அவர். காகிதத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். தொண்டையைச் செருமினார். அவர் செய்ததற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். நாற்காலியைத் தூணின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"தூணே," என்றார். சென்னை நாக்கில் அது கொஞ்சம் விறைப்பாக வந்தது. "உலகம்மாளுக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரை எப்படிச் சாப்பிடுறாங்க?"

"சோத்துக்கு முன்னால வெள்ளை மாத்திரை, சோத்துக்குப் பொறவு பாதி மஞ்சள்" என்றார் கோமதியம்மாள். "நான் எடுத்து அந்தக் கிண்ணத்துல வைக்கலன்னா, அவ கையில அம்பிட்டதை முழுங்கிட்டுப் போயிருவா. வந்த பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனா மாத்திரையைக் கையில குடுத்துட்டுப் போயிருது. இவ சேலை முந்தியில முடிஞ்சு வச்சுக்கிட்டு மறந்துருதா. நான்தான் பாத்துச் சொல்லணும்."

ஸ்டெல்லா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

டாக்டர் அடுத்ததைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கேள்வி அதுதான். என்னால்கூட அதைக் கேட்டிருக்க முடியாது.

"தூணே, ராத்திரி கோமதியம்மா எழுந்திரிக்கப் பாத்து விழுந்துட்டா யாரு தூக்குவாங்க?"

கோமதியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் கையை நீட்டித் தூணைத் தொட்டார்.

"அவ எப்படி விழுவா?" என்றார். "அவ தலைமாட்டுலதான நான் படுத்திருக்கேன். அவ முந்தி என் கையில சுத்தியிருக்கும். அவ அசைஞ்சா எனக்கு முழிப்புத் தட்டிரும்."

கோமதியம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பதில் மட்டும் வந்தது. "தூணே, அவ குறட்டையில எனக்குத் தூக்கமே வராது. பொறவு எங்க எந்திரிக்க, எங்க விழ?"

வாசலில் நின்ற ஆறுமுகம் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பம்பாய் உடுப்பு கசங்குவதைப் பார்க்கவில்லை. அவரும் தூணைப் பார்த்தார்.

"தூணே, அம்மா எங்கூடப் பம்பாய்க்கு வருவாளா?"

"ஏலே கூறுகெட்டவனே" என்றார் கோமதியம்மாள். "உன்கூட நான் பேசிக்கிட்டுத்தான இருக்கேன்? என்கிட்ட கேளு. அதுகிட்ட எதுக்குக் கேக்க?"

"வாரியாம்மா?"

"வரல. நான் வந்துட்டா இவளுக்கு மாத்திரையை யாரு எடுத்து வைக்கது? அங்கன இருந்து தபால்ல அனுப்பவா?"

டாக்டர் ஏற்கெனவே எழுதியிருந்த வரிகளை அடித்தார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் அவரே சொன்னார். "ரெண்டு பேருக்கும் நினைவு என்னைவிடத் தெளிவா இருக்கு. ரெண்டு பேரையும் பிரிச்சா ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு எழுதியிருக்கேன். தூணைப் பத்தி எழுதல. மேல யாருக்கும் புரியாது."

ஆறுமுகம் தனியாகப் பம்பாய் திரும்பினார். அவர் போன பிறகு எனக்கு அறக்கட்டளைக் குழுவில் ஒரு சண்டை பாக்கி இருந்தது. ஸ்டெல்லாவின் வேலையை மாற்றி எழுதினேன். துணி துவைப்பது, கடைக்குப் போவது, தண்ணீர் எடுத்து வைப்பது, வாரம் ஒரு நாள் எண்ணெய்க் குளியல். அவர்கள் இருவரையும் கூட்டினாலும் முடியாத வேலைகள் மட்டும். மாத்திரை, பால், கொல்லைப்பக்கம் இவற்றை அவள் தொடக் கூடாது. "உதவியாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, வயசானவர்கள் வேலை செய்வதா?" என்று குழுவில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் சொன்னேன்: "அந்த வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது நம் விதி. அங்கே இரண்டு ஆள் இருக்கிறார்கள். நாம் அனுப்பும் உதவி அந்த இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் செய்துவிட்டால், அப்போதுதான் அங்கே ஆள் இல்லாமல் போகும்." ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஸ்டெல்லாவுக்குத்தான் முதலில் கஷ்டமாக இருந்தது. பால் பொங்குகிறது என்று தூணுக்குச் சேதி போகும்போது ஓடாமல் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமா? "காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் அக்கா" என்றாள். இப்போது பழகிவிட்டாள். உலகம்மாள் பழையபடி எழுந்து நடக்கிறார். பதில்களும் திரும்பி வந்துவிட்டன.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். முதியவர் வீட்டில் 'என்னால் முடியவில்லை' என்று கேட்டதும் நம் மனசு இளகும், அந்த வேலையைப் பறித்துக்கொள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து, அந்த முடியாததை இதுவரை யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். 'யாரும் இல்லை' என்று அவர்கள் சொல்வார்கள். அதை எழுதிக்கொள்ளுங்கள், நம்ப வேண்டியதில்லை. அவசரம் வரும். மகன் டிக்கெட்டோடு நிற்பார், டாக்டர் பேனாவோடு நிற்பார். அப்போது உண்மையைப் போட்டு உடைப்பதுதான் தைரியம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அன்று உண்மை வெளியே வந்தது, ஆனால் நான் உடைத்ததால் வரவில்லை. அவர்கள் வைத்திருந்த வழியிலேயே கேட்டதால் வந்தது.

போன வாரம் விடைபெறப் போயிருந்தேன். கோமதியம்மாள் தூணிடம் சொன்னார்: "இந்தப் பிள்ளை போறாளாம். அடுத்தாப்புல வாரது எப்படிப்பட்டதோ."

"எப்படிப்பட்டதா இருந்தா என்ன?" என்றார் உலகம்மாள், அதே தூணிடம். "படிச்ச பிள்ளையாத்தான் இருக்கும். நாம சொல்லிக் குடுத்துக்கிடுவோம்."

நாம என்றார். கோமதியம்மாள் அதைக் கேட்டார், நான் பார்த்தேன். மாத்திரையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு அந்தப் பக்கமாகத் தள்ளினார்.

தை பிறந்ததும் அந்த வீட்டுக்கு மறுபார்வைக்குப் போக வேண்டும். உங்களில் யார் போனாலும் அவர்களைச் சமாதானம் செய்துவைக்கப் பார்க்காதீர்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள். உட்காரும்போது மட்டும் இடம் பார்த்து உட்காருங்கள், தூணை மறைத்துவிடாமல்.